அப்பாவின் போனில் நம் முந்திரிக்கொல்லை

கந்தர்வக்கோட்டை
மாசி 24

அன்பு மகள் ரஞ்சனிக்கு அம்மா பரிமளா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளை கண்ணனும் சளி காய்ச்சல் அண்டாமல் நலமாக இருக்க நம் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று இந்தத் தடவை நான் வழக்கத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம், அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா இரண்டு முழம் தள்ளிக் கட்டிலில் இருக்கிறார், அவர் காதில் விழாமல் எதைச் சொல்வது. அதனால் நோட்டுத் தாளில் எழுதி, சன்னலோரம் வைத்து, நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்புகிறேன். நான்கு தாள், மூலையில் எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறாமல் படி.

வைகாசியில் சர்க்கரைப் புண் முற்றி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. முப்பது வருசம் தினம் விடிந்ததும் கொல்லைக்குப் போன மனிதர் வாசல்படி தாண்டவில்லை. முந்திரியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், நல்லதுக்குத்தான் செயற்கைக் கால் வைத்துக்கொள்ளச் சொன்னாய். "கட்டக்கால மாட்டிக்கிட்டு ஊரு முன்னாடி கூத்தாடச் சொல்றியா" என்று கத்திப் போனை வைத்தாரே, அன்று நீ அழுத அழுகை எனக்குத் தெரியும், மாப்பிள்ளை சொன்னார். அதன் பிறகு உன்னோடு அவர் பேசியதெல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா என்ற இரண்டு வார்த்தைதான். நீ தீபாவளிக்கு அனுப்பிய புதுப் போனை மட்டும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அதில் பருவத்துக்குப் பருவம் வால்பேப்பர் தானாக மாறும்படி நீ வைத்துக்கொடுத்தாய் அல்லவா, ஐப்பசியில் சிவப்பு இலை மரங்கள் வந்தன, மார்கழி பிறந்ததும் பனி வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் காப்பி கொடுக்கப் போனேன். "இங்க பாரு பரிமளா, ஊரே வெள்ளத் துணி போத்திக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். உன்மேல் குற்றம் இல்லை, நீ இருக்கும் ஊருக்கு அது அழகுதான். ஆனால் அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மனிதர் கொல்லைக்குப் போக மாட்டார் என்றால் கொல்லை இவர் கைக்கு வரட்டும் என்று.

முதல் நாள் என் போனை எடுத்துக்கொண்டு போய் இருபது படம் எடுத்தேன். ஒன்றில் என் கட்டைவிரல், ஒன்றில் சூரியன் மட்டும், மற்றதெல்லாம் ஒரே வெளுப்பு. அதில் சுமாரான ஒன்றை அப்பா போனுக்கு அனுப்பி வால்பேப்பராக வைத்தேன். பார்த்துவிட்டு "இது என்ன, சாம்பக் குவியலா" என்றார். அந்த வாரமே ரேஷன் அட்டைக்குப் போட்டோ நகல் எடுக்கக் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போனேன், கல்யாண வீட்டுக்கெல்லாம் படம் எடுப்பாரே ஜஸ்டின், அவர் கடை. வெட்கப்படாமல் என் படங்களைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல லென்ச முந்தானையில தொடைங்கம்மா, எண்ணெக் கையோட தொட்டா எல்லாம் பனி மூட்டமாத்தான் தெரியும்" என்றார். சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்க வேண்டுமாம். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டுமாம். எது தெளிவாக வேண்டுமோ அதன்மேல் விரலால் ஒரு தட்டு தட்ட வேண்டும், இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நாமே நடந்து கிட்டே போக வேண்டும், முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டும். வால்பேப்பருக்கு என்றால் போனை நிமிர்த்திப் பிடித்து மேலே வானத்தைக் கொஞ்சம் சும்மா விடச் சொன்னார், இல்லாவிட்டால் மணி காட்டுகிற எழுத்து மரத்தின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். இதையெல்லாம் வீட்டு முருங்கையிலும் கொடியில் காயும் துணியிலும் பழகினேன். கோழியை எடுக்க முயன்று தோற்றேன், அது நிற்கிற சாதி இல்லை.

பிறகு பத்து நாளுக்கு ஒரு படம் மாற்றினேன். மார்கழிப் பனி கொல்லை வேலியில் படிந்தது ஒன்று, தை பிறந்ததும் செந்தளிர் ஒன்று, பூங்கொத்து ஒன்று. அப்பா நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் போனைக் கவிழ்ப்பதை நிறுத்திவிட்டார், எனக்கு அது போதும். தைக் கடைசியில் ஒரு நாள் அடுப்படியில் இருக்கிறேன், "பரிமளா, இங்கிட்டு வா" என்று ஒரு சத்தம். பழைய சத்தம். ஓடினேன். படத்தை விரலால் விரித்து வைத்துக்கொண்டு, "இது கெணத்தோரம் நிக்கிற மரந்தான, ஏன் ஒரு பக்கத்து எலை மட்டும் மஞ்சளா இருக்கு" என்று கேட்டார். வெயில் பட்டதாக இருக்கும் என்றேன். "வெயிலுக்கும் சீக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும், அடிமரத்துல ஓட்டை இருக்கும், அத எடுத்துட்டு வா" என்றார். போய் எடுத்து வந்தேன். "ஓட்டைய எடுக்கச் சொன்னா புல்ல எடுத்துட்டு வந்திருக்க" என்று திட்டினார். உண்மைதான், முன்னால் நின்ற புல் தெளிவாகவும் மரம் மங்கலாகவும் விழுந்திருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு வாங்கிய திட்டு, எனக்கு இனித்தது தாயி. மறுபடி போனேன். மூன்றாவது தடவை மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, புல்லை ஒதுக்கி, அளவு தெரிய ஒரு தீப்பெட்டியை ஓட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஓட்டை மேலேயே தட்டி எடுத்தேன். பிசின் வடிந்திருப்பதும், அடியில் மரத்தூள் கொட்டிக் கிடப்பதும், எல்லாம் விழுந்தது. அப்பா வெகு நேரம் பார்த்தார். தண்டு துளைக்கிற புழு உள்ளே இருக்கிறது, விட்டால் பக்கத்து மரத்துக்கும் போகும் என்றார்.

அடுத்த கொல்லைக்காரர், ஆட்டோவும் ஓட்டுகிற சோலையப்பனைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் நல்ல மனசுக்காரர், "போன்ல பாத்துச் சொல்லுங்கண்ணே, நான் வெட்டி எடுத்துர்றேன்" என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "புழு உள்ள எங்கிட்டுப் போயிருக்குன்னு போன்ல பாக்க முடியாது, ஆட்டோவ எடு" என்றார். மனம் மாறுவதற்குள் ஓடிப்போய் அவர் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஊன்றுகோலோடு ஏறினார். கிணற்றோரத்து மரத்தடியில் இறங்கி, குனிய முடியாமல் தடுமாறி, கடைசியில் கோலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். உளியால் பட்டையைச் செதுக்கி, கம்பியை விட்டுப் புழுவை எடுத்தார், விரல் தண்டி இருந்தது. அந்த மரத்தை முடித்ததும் அடுத்த மரத்துக்கு எழுந்து போவார் என்று கோலை நீட்டினேன். வாங்கவில்லை. சருகு மேலேயே கைகளை ஊன்றி நகர்ந்து போனார் ரஞ்சனி. மரத்துக்கு மரம் அப்படியே போனார். சோலையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையில் போன் இருந்தது, பழக்கத்தில் தூக்கிவிட்டேன். அப்பா பார்த்தார். "இத எடுக்காத" என்றார், கோபமே இல்லாமல். இடுப்பில் செருகிக்கொண்டேன். நான்கு மரத்தில் புழு இருந்தது. எல்லாம் முடிந்து வியர்த்துப்போய் மரத்தில் சாய்ந்தவர் போனைக் கேட்டு வாங்கி, இருந்த இடத்திலிருந்தே மேலே பார்த்து ஒரு படம் எடுத்தார். பூவும் வானமும் நன்றாகத்தான் விழுந்தன, ஆனால் கால்வாசி என் முந்தானை. என்னை அத்தனை குறை சொன்னவர் அதையே வால்பேப்பராக வைத்துக்கொண்டிருக்கிறார்.

நான்கில் ஒரு மரம் பிழைக்கவில்லை, வெட்டிவிட்டோம். மற்ற மூன்றிலும் தாரும் மண்ணெண்ணெயும் கலந்து அடியில் பூசினோம், இரண்டு வாரமாகப் புதுத் தூள் விழவில்லை. அப்பா அதன் பிறகு இரண்டு தடவை கொல்லைக்குப் போய் வந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்காமலே போட்டுக்கொள்கிறார். நேற்றுச் சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "தவந்து தவந்து எத்தன மரத்தப் பாக்க முடியும், நூத்திப்பத்து மரம் கெடக்கு, அந்தக் காலு கொல்ல மண்ணுல நிக்குமான்னு அவகிட்டக் கேளு" என்றார். நானா கேட்பேன். "நீங்க பெத்த புள்ளதானே, நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். போய் அடுப்படியில் நின்று அழுதேன், அது வேறு.

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடு. அம்மா எழுதினாள் என்று காட்டிக்கொள்ளாதே. நீயாகப் பேச்சை எடுக்கவும் வேண்டாம், மரத்தைப் பற்றிக் கேள், படத்தைப் பற்றிக் கேள், அவராக வரட்டும். வந்தால் பூசி மெழுகாமல் சொல், வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல், பழக எத்தனை மாதம் ஆகும், மணலில் நடக்கலாமா, உட்கார்ந்து எழலாமா, எல்லாம் சொல். பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் புதன்கிழமை செயற்கைக் காலுக்கு அளவெடுப்பார்களாம், சோலையப்பனிடம் ஆட்டோ சொல்லி வைத்துவிட்டேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரவு டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, காதை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல். இருவரும் குறைவில்லாமல், தீர்க்காயுசோடு, நினைத்தது கைகூடி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
நா. பரிமளா