தந்தியில் தண்ணீரைப் பற்றி இல்லை

தென்காசி
24-3-1937

மரியாதைக்குரிய வாப்பா அவர்களுக்கு,

மகள் ஷரீபுன்னிசா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே உம்மாவும் தம்பியும் நானும் சுகம். கொழும்பில் தங்கள் உடம்பும் கடையும் சுகமாக இருக்க வேண்டும். குளம் சுகமாக இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் தந்தி போன வாரம் திங்கட்கிழமை காலையில் வந்தது. ‘மரங்களை வெட்டாதே’ என்று இருந்ததை நான்தான் இங்கிலீஷிலிருந்து மசூது சாச்சாவுக்குப் படித்துச் சொன்னேன். நான் போன கடிதத்தில் கெஞ்சியதற்குத் தாங்கள் மனமிரங்கினீர்களே என்று அன்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் சந்தோஷம். சாச்சாவும் தங்கள் சொல்லை மீறவில்லை. கோடாலியோடு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். குளத்துக்குள் பறவைகள் கூடு கட்டியிருக்கும் உடை முள்மரங்களில் ஒரு கிளைகூட விழவில்லை.

மரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார், வாப்பா! பறவைகள் மீனைத் தின்று தீர்ப்பதற்குள் குளத்தை வற்றவைத்து மீனை அள்ளிவிட வேண்டுமாம். மடைக்காரர் உச்சிமாகாளி அண்ணாச்சியும், குளத்து மீன்பாசிக் குத்தகை எடுத்த நம் வீட்டுச் சொல்லாயிற்றே என்று மடையைத் திறந்துவிட்டார். பிசான நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் சும்மா கிடக்கிற நேரம். குற்றாலத்திலிருந்து வாய்க்கால் வழியே வந்து சேர்ந்த தண்ணீர் யாருக்கும் உதவாமல் ஓடையில் போகிறது.

நான் ஓடிப்போய்க் கேட்டேன். சாச்சா சிரித்துக்கொண்டே, “ஏட்டி, அண்ணன் மரத்த வெட்டாதேன்னுதான சொல்லியிருக்காக? தண்ணியப் பத்தி ஒரு வார்த்த இருக்கா? இருந்தா படிச்சுக் காட்டு” என்றார். இல்லைதான். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். “பள்ளிக்கொடத்துல ஒன்னைய வக்கீலுக்கா படிக்க வைக்காக?” என்று வேறு கேட்டார். பக்கத்தில் நின்ற வலைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தண்ணீர்தான் அந்த மரங்களுக்கு வேலி என்பது யாருக்கும் புரியவில்லை. சுற்றிலும் தண்ணீர் நின்றவரை நாயோ நரியோ கிட்டே போகவில்லை. நேற்று கரையில் நின்று பார்த்தேன். ஓரத்து மரங்களின் அடியில் சேறு தெரிகிறது. இரண்டு நாய்கள் அந்தச் சேற்றில் நடந்துபோய் மரத்தடியில் படுத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி காத்திருக்கின்றன. வக்காக் குஞ்சுகள் பயந்தால் தின்றதைக் கக்கிவிட்டுக் கிளை நுனிக்கு நகரும், நகர்ந்தால் விழும். விழுந்தவற்றைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. கூழைக்கடாக்கள் மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறக்கின்றனவே தவிர, கூட்டில் இறங்கப் பயப்படுகின்றன. குஞ்சுகள் வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் பறவைகளைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருக்கிறது. அதில் சீமைப் பறவைகள்தான்; நம் குளத்தில் இருப்பதில் ஒன்றுகூட இல்லை. ஆகையால் இந்த வருஷம் முழுவதும் நானே பார்த்தேன். குஞ்சுகள் கக்கியதைக் குச்சியால் கிளறியும் பார்த்தேன். (உம்மா என்னைக் கிணற்றடியில் குளிக்க வைத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார்கள்.) வக்கா கக்குவது பெரும்பாலும் தவளையும் சின்னக் கெண்டையும். நத்தைகுத்தி நாரை நத்தையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை; அதையும் சாச்சா தகரம் தட்டி விரட்டுகிறார். நாம் நத்தையைக் குத்தகை எடுத்திருக்கிறோமா? கூழைக்கடா மட்டும் நம் விராலைத் தின்கிறது. அதைக் கண்ணால் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ஆனாலும், வாப்பா, விரால் அடுத்த மழைக்கு மறுபடியும் பெருகும். குஞ்சுகளை நாய்க்குப் பறிகொடுத்த பறவைகள் அடுத்த வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்டாது.

விழுந்ததில் பிழைத்த வக்காக் குஞ்சுகள் சில நம் வீட்டில் கோழிப் பஞ்சாரத்துக்குள் இருக்கின்றன. நாற்றம் தெரு முனை வரைக்கும் போகிறது. “இது வீடா, மீன் கடையா?” என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். சமாதானம் பேச வந்த சாச்சா பஞ்சாரத்துக்குள் கையை விட்டார். ஒன்று அவர் விரலைக் கொத்திவிட்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நேற்றுச் சாயங்காலம் உச்சிமாகாளி அண்ணாச்சி புழக்கடைக்கு வந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி, மடையை இன்னும் எத்தனை நாள் திறந்து வைப்பீர்கள் என்று கேட்டார்கள். “சின்ன மொதலாளி சொன்னாத்தான் அடைப்பேன், நாச்சியா” என்றார் அவர். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு, “அண்ணாச்சி, பெரிய மொதலாளி அடுத்த வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு இங்கன இருப்பாக. வந்து குளத்தப் பாத்து ஏன் தொறந்தேன்னு கேட்டா நீரே பதில் சொல்லிக்கிடும்” என்றார்கள்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மடைக்குத்தான் போனார். இருட்டுவதற்குள் மடை அடைபட்டது. நடு மரங்களைச் சுற்றி இன்னும் தண்ணீர் நிற்கிறது. இன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நாலைந்து கூழைக்கடாக்கள் கூட்டில் இறங்கியிருந்தன. சாச்சா காலையிலிருந்து மீன் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

தாங்கள் வருவதாகத் தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை என்பது உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே வந்து வெகுநேரம் அரிசி புடைத்தார்கள். அரிசியில் ஒரு கல்கூட இல்லை.

ஆகையால், வாப்பா, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். எவ்வளவு நீளமாக எழுதினாலும் ஒரு வார்த்தை விட்டுப்போகும். சாச்சா அதைக் கண்டுபிடித்துவிடுவார். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முற்றவில்லை. பறக்கும்வரை தாங்கள் இங்கே இருந்தால் போதும். கடையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.

அல்லாஹ் தங்கள் பயணத்தை லேசாக்கட்டும். உம்மா சொன்னதை உண்மையாக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
ஷரீபுன்னிசா