மீதி மூன்று எலிகள்

மார்ச் 3

ஆண்டறிக்கைக்காக என் வெளியீட்டுப் பட்டியலைத் தயார் செய்தேன். அறுபத்திரண்டு கட்டுரைகள். மற்ற ஆய்வாளர்கள் அவற்றைக் காட்டிய மேற்கோள்கள் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். அதில் 1,912 ஒரே கட்டுரைக்கு. பதினோரு வருடத்துக்கு முந்தைய எலிக் கட்டுரை — கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் மருந்து. மற்ற அறுபத்தொன்றும் அது போடும் சோற்றில்தான் உயிர் வாழ்கின்றன. துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "உங்களை வச்சுத்தான் நம்ம துறையே தலை நிமிர்ந்து நிக்குது" என்றார்.

மார்ச் 6

அண்ணன் போன் செய்தார். அந்த மருந்தை இப்போது மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்; அவர் சேர்ந்து இது ஆறாவது வாரம். நான்தான் சேரச் சொன்னேன். "என் தங்கச்சி கண்டுபிடிச்ச மாத்திரைன்னு வாக்கிங் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு" என்று சிரித்தார். கொஞ்சம் அசதியாக இருக்கிறதாம். வயசாகுதுல்ல, என்றேன்.

மார்ச் 11

அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். பழைய கட்டுரைகளை மறுபடி சரிபார்ப்பவராம். இரண்டே வரி. மருந்து கொடுத்த எலிகள் இருபத்துநான்கு என்று எழுதியிருக்கிறீர்கள், வரைபடத்தில் எலிக்கு ஒன்றாக இருபத்தோரு புள்ளிகள்தான் இருக்கின்றன. மீதி மூன்று என்ன ஆயின?

இத்தனை வருடத்தில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். என் கையெழுத்து. நாலாவது வாரம் மூன்று எலிகள் செத்திருக்கின்றன. "கல்லீரல் வீங்கி மஞ்சளாக இருக்கிறது." அதற்குக் கீழே வேறு மையில்: "தொற்றாக இருக்கலாம். நீக்கு."

தொற்றுதானா என்று பரிசோதித்தேனா? பக்கம் பக்கமாகத் தேடினேன். இல்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கப் பத்து நாள் இருந்தது — அது மட்டும் நினைவிருக்கிறது.

மார்ச் 12

பதில் எழுதவில்லை.

மார்ச் 16

மின்னஞ்சலையும் குறிப்பேட்டையும் துறைத் தலைவரிடம் காட்டினேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "எலின்னா சாகத்தான் செய்யும். இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க, அவங்க எல்லாம் என்ன மடையங்களா? ஆண்டறிக்கை போகட்டும், அப்புறம் பாக்கலாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். நிம்மதியாக இருந்தது.

மார்ச் 19

அந்த 1,912-இல் மருந்துச் சோதனையின் திட்ட அறிக்கையும் ஒன்று. இன்றுதான் தேடிப் படித்தேன். "எலிகளில் கல்லீரல் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை." ஆதாரம், என் கட்டுரை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்ல அண்ணனை அழைத்தேன். அண்ணி எடுத்தார். "குளிச்சிட்டிருக்கார். என்ன விஷயம்?"

ஒண்ணுமில்ல அண்ணி, சும்மாதான்.

சும்மாதானாம். என்ன மனுஷி நான்?

மார்ச் 24

காலையில் அண்ணி போன் செய்தார். "கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு. நீ சொன்ன மாத்திரையால இருக்குமா?"

தெரியலன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "ஆமா அண்ணி. இன்னிக்குப் போட வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

சோதனையை நடத்தும் மருத்துவருக்குக் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். மதியத்துக்குள் எல்லோருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இருநூற்று எட்டுப் பேர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி ஒன்றுதான் கேட்டார். "உனக்கு எப்போ தெரியும்?"

"பதினொண்ணாம் தேதி."

விரல் விட்டு எண்ணினார். "நேத்து வரைக்கும் பன்னெண்டு மாத்திரை. நான்தான் தண்ணியும் கையுமா நின்னு கொடுத்தேன்."

மார்ச் 27

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் "மறைத்தேன்" என்று போட்டேன். "விடுபட்டதுன்னு போடுங்களேன்" என்றார் துறைத் தலைவர். மாற்றவில்லை.

அந்தப் பெண்ணுக்கும் பதில்: மூன்றும் செத்துப்போயின.

ஏப்ரல் 9

சோதனையில் இருந்த ஒருவர் இறந்துவிட்டார். பங்கேற்பாளர் 31. பெயர் கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார் மருத்துவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மே 2

விசாரணை முடியும்வரை வர வேண்டாமாம். அறையைக் காலி செய்தேன். கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் இப்போது குறுக்காகச் சிவப்பு எழுத்து: திரும்பப் பெறப்பட்டது. அதற்கப்புறமும் ஒன்பது பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். யாருமே படிக்கிறதில்லையா?

மே 20

எட்டு வாரத்துக்குப் பிறகு அண்ணி அழைத்தார். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. "வந்து படிச்சுச் சொல்லு."

போனேன். அண்ணன் பாதியாக இளைத்துக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் காலை மடக்கி, உட்கார இடம் விட்டார். அண்ணி உறையை நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் பிடி தளரவில்லை.

"எதையும் விட்டுடாம படி."

ஆறு பக்கம். நான்கு பக்கம்வரை தேறிவருவதாகத்தான் இருந்தது. ஐந்தாவதில், கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, இனி ஆறாது என்று இருந்தது. நிறுத்தாமல் படித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆறாவது பக்கம்" என்றார் அண்ணி.