மூன்று கூலன்ட் பாட்டில்கள்

மார்ச் 4
போட்டிக் கம்பெனியின் மின்சாரக் கார் வந்து சேர்ந்தது. விலை, நாங்கள் விற்கும் பெட்ரோல் காரின் விலையில் கால்வாசி. அதைப் பிரித்துப் பார்த்து, ஏன் மட்டம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. மட்டமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சொந்த மின்சாரக் கார் வெளிவருமா, மூன்றாம் முறையாகத் தள்ளிப்போகுமா என்பது இந்த அறிக்கையில் இருக்கிறதாம்.

மார்ச் 6
பிரிக்கவில்லை. பட்டறை ஆட்கள் அதில்தான் சாப்பிடப் போயிருக்கிறார்கள். "ஓட்டிப் பாத்துட்டுப் பிரிக்கலாம் சார், அது எங்க ஓடிரப் போகுது?"

மார்ச் 11
இன்றும் பிரிக்கவில்லை. மகளை விமான நிலையத்தில் விட இயக்குநர் எடுத்துப் போய்விட்டார். எங்கள் சோதனைக் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததாம். அது எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மார்ச் 15
ஒருவழியாகத் திறந்தோம். பானட்டுக்குள், குளிர்விக்கும் திரவத்துக்கு ஒரே ஒரு கூலன்ட் பாட்டில். மோட்டார், ஏசி, பேட்டரி எல்லாவற்றையும் ஒரே குழாய் குளிர்விக்கிறது. எங்கள் சோதனைக் காரில் மூன்று பாட்டில், மூன்று பம்ப், மூன்று குழாய். காரணம் பொறியியல் இல்லை. துறைகள் மூன்று, அவற்றின் தலைவர்களில் இருவர், வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டதிலிருந்து பேசுவதில்லை. அந்தச் சண்டையின் எடையையும் பேட்டரிதான் இழுக்கிறது.

பேட்டரிப் பொறியாளர் வந்து வெகுநேரம் பார்த்தார். என்னைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் பட்டறை முழுக்க 'பேட்டரி அக்கா'.

"இதத்தான் சார் ரெண்டு வருஷமா வரைஞ்சு வச்சிருக்கேன்." கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

அவர் வரைபடத்தில் பாட்டில் சாய்ந்து நிற்கும். "ஏம்மா இது குடிச்சவன் மாதிரி நிக்குது?" என்று முன்பு கேட்டிருக்கிறேன்.

"அளவு பாக்கக் குனியிறப்பல்லாம் 'ஐயோ அம்மா'ங்கிறீங்களே சார். இப்படி வச்சா நின்னுக்கிட்டே பாக்கலாம்."

மார்ச் 19
கூட்டம். 'ஒரே பாட்டில்: நாமும் உடனே செய்ய வேண்டியது, வரைபடம் தயார்' என்று எழுதியிருந்தேன்.

இயக்குநர் சிரித்தார். "மூணு பாட்டில் இருந்தா என்னய்யா? நம்மகிட்ட வர்றவர் சிக்கனம் பண்ணவா வர்றார்?"

பிறகு அந்தக் காரின் இருக்கைத் தையல் சரியில்லை என்று பேச்சு கிளம்பியது. மிச்சக் கூட்டம் தையலுக்கே போனது. என் வரியை 'ஒரே பாட்டில்: மலிவு' என்று மாற்றி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும்.

மார்ச் 20
துணி மடித்துக்கொண்டே மனைவி விசாரணை நடத்தினாள்.
"போடலன்னா?"
"என்னைத் தூக்கிருவாங்க."
"போட்டா?"
"காரத் தள்ளிப்போடுவாங்க. அந்த பேட்டரிப் பொண்ணு வேலைய விட்டுப் போயிரும்."
"எப்படியும் நீங்க வீட்ல முனகத்தான் போறீங்க. சம்பளத்தோட முனகுங்க."

மார்ச் 22
போட்டுவிட்டேன்.

மார்ச் 23
பேட்டரி அக்கா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.
"நீங்களா சார் எழுதினீங்க?"
"கையெழுத்து என்னோடதும்மா."
"அதக் கேக்கல."
என்ன சொல்லியிருக்க வேண்டும்? முதுகு வலிக்கிறது என்றேன். வலிக்கத்தான் செய்தது.

ஏப்ரல் 9
கார் தள்ளிப்போயிற்று. 'தரத்தில் சமரசம் இல்லை என்பதால்.' முன்னிரண்டு முறையும் இதே வாக்கியம். தட்டச்சு செய்கிறவருக்கு வேலை மிச்சம்.

மே 2
பேட்டரி அக்கா விடைபெற்றார். கேக் வெட்டினோம். எங்கே சேரப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 17
நெடுநாள் வாடிக்கையாளரான இதய மருத்துவர் அந்த மலிவுக் காரை வாங்கிவிட்டாராம். 'ரெண்டாவது வண்டியாத்தான்' என்று விற்பனைப் பிரிவுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். எங்களிடம் முன்பு வாங்கிய கார் வீட்டில் உறை போட்டு நிற்கிறது. மிகவும் மரியாதையாக வைத்திருக்கிறாராம்.

புது டைரி. மறுவருடம், செப்டம்பர் 14
எங்கள் கார் ஐந்தாம் முறையாகத் தள்ளிப்போயிருக்கிறது. போட்டிக் கம்பெனியின் அடுத்த கார் வந்துவிட்டது. லாரியிலிருந்து இறக்குவதற்குள் இயக்குநர் போன் செய்தார். "ஞாயித்துக்கிழம வீட்ல ஒரு விசேஷம். பிரிக்கிறத திங்கக்கிழம வச்சுக்குவோமே."

சரி என்றேன். பானட்டை மட்டும் தூக்கினேன். பழக்கதோஷம், கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

ஒரே பாட்டில். சாய்ந்து நின்றது.

குனியவில்லை. நின்றபடியே அளவு தெரிந்தது.