கண்ணை மூடிக் கை தூக்கிய நாள்

நாகாவோகா,
பிப்ரவரி

அன்பு மகள் ஷிஹோவுக்கு,

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. கூரையில் ஏறி வாரித் தள்ள இந்த வருஷமும் நான்தான். அங்கே உங்கள் ஹோபார்ட்டில் சரியான வெயில் என்று அம்மா சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி, வெயிலில் அலையாதே.

பிரசவத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தாய். வெள்ளைக்கார மாப்பிள்ளை வீட்டில் வாயில்லாப்பூச்சியாக உட்கார மாட்டேன், இங்கிலீஷ் கற்றுக்கொண்டுதான் வருவேன் என்றேன். அதற்காக நகர மன்றத்தில் நடக்கும் கேலிக்கூத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பு என்று அதற்குப் பெயர்.

நடத்துபவள் ஒயாமா என்றொரு சின்னப் பெண். நம் மொழியில் உயிரொலி ஐந்துதானாம். இங்கிலீஷில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலாம். வயதான ஜப்பானியக் காது எதைக் கேட்டாலும் அந்த ஐந்துக்குள்ளேயே திணித்துவிடுமாம். தூரத்துச் சத்தத்திலேயே எந்த ரயில் என்று சொன்ன ஸ்டேஷன் மாஸ்டர் நான், என்னிடம் வந்து காதைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

இரண்டு சொற்களை ஒலிக்கவிட்டு, ஒன்றா வேறா என்று கை தூக்கச் சொல்வாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். வெள்ளைக்காரன் வாயைக் கோணுவதெல்லாம் வெறும் பந்தா. ஒன்று என்று நான் தூக்கினால் வகுப்பே தூக்கும். நான் ஊர்ச் சங்கத் தலைவர் அல்லவா. பல் டாக்டர் கானெமோட்டோ என் கையைப் பார்த்துவிட்டுத்தான் தன் கையைத் தூக்குவான், ஜால்ரா.

போன வாரம், "யாரும் பக்கத்துல பாக்காதீங்க, கண்ணை மூடிட்டுத் தூக்குங்க" என்றாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஆளுக்கொரு திசையில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். தலைவர் இல்லாவிட்டால் ஒரு கையைத் தூக்கத் துப்பில்லாத கூட்டம். கடைசியில் மார்க் வாசித்தாள். அம்மாவுக்கு ஒன்றுகூடத் தப்பில்லை. என் மார்க்கை எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், எப்படி என்று அம்மாவிடம் கேட்டேன். "நீங்க ஊர்ப் பொதுக் குளியலகத்துக்குப் போற நேரமெல்லாம் மாப்பிள்ளை ஃபோன்ல பேசுவாரு. கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு" என்றாள். அப்புறம் ஏன்டி இத்தனை நாள் என்னோடு சேர்ந்து தப்பாகத் தூக்கினாய் என்றேன். "நாலு பேர் முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்க முடியுமா" என்றாள்.

அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டேன். கூரைப் பனிக்கு ஓர் ஆள் வேண்டும், அதனால் நான் வரவில்லை. வேறு காரணம் தேடாதே. மாப்பிள்ளை அவளிடம் வழக்கம்போலவே பேசட்டும், அவளுக்குப் புரியும்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், அது போதும். குழந்தை பிறந்ததும் ஃபோனை அதன் வாயருகே வை. அழட்டும். அது எனக்குப் புரியும்.

உன் பிடிவாதக்கார அப்பா,
கவாராதா தெத்சுரோ