ஜோபியின் ஸ்வெட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து சிஞ்சு வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். நீங்கள் போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு இஸ்திரி போட்டதில் மேடத்தின் அங்கி கருகிவிட்டது. நல்லவேளை, திட்டவில்லை.

"ரிஜினுக்குக் குளிருமேன்னு ஜோபி தன் ஸ்வெட்டரப் போத்தி விட்டிருக்கான்டி. துவைச்சுத்தான் திருப்பிக் குடுக்கணும்" என்றீர்கள். அம்மா, தம்பி ரிஜினுக்கு அந்தப் போதை மாத்திரையை விற்றவனே ஜோபிதான். மூச்சுத் திணறியவனைப் போடிமெட்டு பஸ் ஸ்டாப்பில் போட்டுவிட்டு ஓடியவனும் அவன்தான்.

வக்கீலிடம் பேசினேன். போதைமருந்து விற்ற வழக்கு மட்டுமென்றால் ஜோபி சீக்கிரம் ஜெயிலிலிருந்து வந்துவிடுவானாம். அது எனக்குப் போதாது. அவன் கொடுத்ததுதான் தம்பியின் உயிரை எடுத்தது என்று காட்டினால் ஆளைக் கொன்ற குற்றமும் சேருமாம். ஸ்வெட்டர் பையில் மிச்ச மாத்திரை இருக்கலாம். இரவல் துணியைத் துவைக்காமல் திருப்பித் தர உங்களுக்கு மனம் வராது. இதை மட்டும் தண்ணீரில் போடாமல் போலீஸிடம் கொடுங்கள்.

தம்பியின் குல்லாவை எனக்கு அனுப்புங்கள். அதையும் துவைக்க வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். ஜோபியின் அம்மா ஸ்வெட்டர் கேட்டு வந்தால், "அது கோர்ட்டுல இருக்கு. உம்மவன் ஜெயில்ல வெறைக்கட்டும்" என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
சிஞ்சு