ஏட்டுக்காரர் பொய்யில் என் பதினொரு வரி

என் தமிழுக்கும் என் திருட்டுத்தனத்துக்கும் ஒரே எசமானரான அன்பு அத்தானுக்கு,

அச்சாபீஸ் மை டப்பாவின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி நான் சொல்லப்போவதை மதுரையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்களும் நம்பமாட்டீர்கள். வைகையில் முதலை பிடித்து, அதன் முதுகிலேயே ஏறிக் கோச்சடை வரை வந்தவன் என்று என்னை நானே ஊருக்கு அறிமுகம் செய்துகொண்டதன் பலன். இந்த முறை முதலை இல்லை. உங்கள் மகள் சௌந்திரம் இருக்கிறாள்.

நீங்கள் தை மாதம் கண்ணை மூடினீர்கள். உங்கள் ‘கருநீர்த் தீவு’ மாயக்கதை பதினாலாம் பாகத்தோடு நின்றது. பதினைந்தாம் பாகம் வரவேண்டிய தாளில்தான் இந்தக் கடிதத்தை அச்சுக்கோத்துக்கொண்டிருக்கிறேன். கதையைப் படித்தவர்கள் எல்லாம் ஒட்டுக்கேட்கட்டும். அவர்கள் கேட்டே ஆகவேண்டும். ஏன் என்று சொல்வதற்குள் ஒன்றிரண்டு எழுத்து தலைகீழாக விழுந்தால் மன்னியுங்கள்.

உங்கள் தீவில் ஓலைச்சுவடி வைத்திருக்கும் ஏட்டுக்காரர் என்றொரு கிழவர். தீவின் சட்டம், சாபம், போகும் வழி, வரும் வழி எல்லாம் அவர் வாயால் சொன்னால்தான் கதாநாயகனுக்குத் தெரியும். அவர் சொன்ன விதிகள் ஏழு. அதில் நாலு பொய், மூன்று மெய். எது எது என்று கடைசிப் பாகத்தில் தெரியும் என்று அட்டையில் போட்டீர்கள். ஊர் பற்றிக்கொண்டது. புது மண்டபத்துத் தையற்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வாதாடினார்கள். உசிலம்பட்டிச் சந்தையில் நாற்பது காளைகளுக்கு ஏட்டுக்காரர் சொன்னபடி கழுத்தில் கறுப்புக் கல் கட்டியிருந்தது. சரி, ஒரு காளை.

இவ்வளவு புகழும் எங்கிருந்து வந்தது என்று நம் இருவருக்குத்தான் தெரியும். ஐந்தாம் பாகம் அச்சேறிய அன்று நீங்கள் டி. கல்லுப்பட்டிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் எழுத்து முடிந்து, கீழே பதினொரு வரிக்கு இடம் காலி. வழக்கமாக அங்கே பூப்படம் செதுக்கிய அச்சுக்கட்டை ஒன்றை, பூ பிளாக்கை, வைத்து அடைப்போம். அந்தப் பூ அன்று யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாட்டிக்கொண்டிருந்தது. மிஷின்காரர் இடுப்பில் கையை வைத்து நின்றார். நான் தாளில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கி நேராகவே கோத்தேன், ஏட்டுக்காரர் பேசுவது போலவே.

தீவுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண் தன் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவன் திரும்பி வரும் வழி அவன் காலடியிலேயே அழிந்துபோகும். இதுதான் நான் செய்த விதி. பூவுக்குப் பதில் ஒரு சாபம். பக்கம் அழகாக நிறைந்தது.

ஆனால் மூன்றாம் பாகத்தில் உங்கள் மாலுமியின் மனைவி வாசலைத் தாண்டிக் கடற்கரைக்கே போய் நின்றிருக்கிறாள். நாலாம் பாகத்தில் அவள் புருஷன் சுகமாக வந்தும் சேர்ந்துவிட்டான். கதை நடுவில் கிழிந்துவிட்டது. நீங்கள் படித்துவிட்டு அடிப்பீர்கள் என்று நான் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“வெளிய வா மாப்ள,” என்றீர்கள். “அச்சடிச்சது ஊருக்குள்ள போயிருச்சு. திரும்பப் பொறுக்கவா முடியும்? இனிமே ஏட்டுக்காரர் பொய்யும் பேசுவார்னு வச்சுக்குவோம்.”

“எதெது பொய் அத்தான்?”

“அத ஒங்கிட்டச் சொன்னா நீ அதுல நாலு சேப்ப.”

சொல்லாமலே போய்விட்டீர்கள். எங்கேயாவது எழுதிவைத்தீர்களா? உங்கள் தகரப் பெட்டியை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது சௌந்திரத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகன் ஐப்பசியில் ரங்கூனுக்குத் திரும்பினார். மார்கழியோடு அவர் கடிதம் நின்றது. அங்கே குண்டு விழுந்ததும், ஜனங்கள் காட்டுவழியாக நடந்தே வருவதும் நீங்கள் இருக்கும்போதே காதில் விழுந்த செய்திகள். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் தெருமுனை வரை வரவில்லை. வாசற்படிக்கு உள்ளேயே நின்று அழுதாள். துக்கம் என்று நினைத்தோம். கர்ப்பிணி, அலைய வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். ஆடி பிறந்தும் அவள் தெருவில் கால் வைக்கவில்லை என்பதை அவளைப் பெற்ற என் அக்காதான் முதலில் கவனித்தாள்.

போன வாரம் அவளுக்குக் காலும் முகமும் வீங்கி, கண்ணில் பூச்சி பறப்பதாகச் சொன்னாள். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். “மூணு நாளைக்குள்ள ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேத்துருங்க. வீட்டுல வச்சிருந்தா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார். சௌந்திரம் படியைக் காட்டினாள். ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

அத்தான், நான் பொறுக்கிய எழுத்துகள் ஒவ்வொன்றும் எழுந்து நின்று என்னைப் பார்த்தன.

“தாயி, அத எழுதுனது ஒங்கப்பா இல்ல. நான்தான். பக்கம் காலியாக் கெடந்துச்சு, நெரப்புனேன்,” என்றேன்.

“முதல புடிச்சதும் நீங்கதான மாமா.”

“அது வேற தாயி.”

“அழகர் குதிரைக்கு லாடம் அடிச்சதும் நீங்கதான.”

“அது சும்மா சொன்னது. இது நெசம்.”

“ஒவ்வொரு தடவையும் இப்பிடித்தான் சொல்லுவீக.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். “வெயில் அடிக்குதுன்னு இவன் சொன்னாக்கூட நான் வெளிய போயி பாத்துட்டுத்தான் துணி காயப்போடுவேன். ஏண்டா, இதுலயுமா வெளையாடுவ?”

உங்கள் கையெழுத்துப் பிரதியைக் காட்டலாம் என்று ஓடினேன். அதில் அந்தப் பதினொரு வரி இருக்காதே. ஆனால் அச்சடித்து முடித்த கையெழுத்துத் தாள்களை நாங்கள் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். மை துடைத்துவிட்டோம். என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு உண்மை சொன்னேன். அதற்குச் சாட்சியான தாளில் நானே கையைத் துடைத்திருக்கிறேன்.

முதல் நாள் அப்படிப் போயிற்று. இரண்டாம் நாள் இன்னொரு திருட்டு வேலை செய்தேன். வாசற்படி விதி பொய் என்று ஏட்டுக்காரரே ஒப்புக்கொள்வது போல ஒரு பக்கம் கோத்து அடித்து, உங்கள் பெட்டியின் அடியில் கிடைத்ததாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதன்மேல் பெருவிரலை வைத்துத் தேய்த்தாள். விரலைத் தூக்கி என்னிடம் காட்டினாள்.

“மை இன்னும் காயல மாமா. அப்பா போயி ஆறு மாசமாச்சு.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெற்றவர் கதையை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறாள். கட்டினவர் வரும் வழியைக் காலால் அழிக்க எந்தப் பெண் துணிவாள்? நான் சொல்வது மெய்யாகவே இருந்தாலும், ஒருவேளை பொய்யாக இருந்தால் என்ற சந்தேகத்துக்கு அவள் கொடுக்கவேண்டிய விலை அவளுடைய புருஷன். என்னை எப்படி நம்புவாள்?

மூன்றாம் நாள் காலை அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். நான் அந்தப் பதினொரு வரியைப் பிழை திருத்துகிறவன் போல எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். மெய்யைச் சொல்லிப் பயனில்லை. கதைக்குள்ளேயே போய்த்தான் அவளை வெளியே கொண்டுவர வேண்டும்.

“தாயி, படியத் தாண்டக் கூடாதுன்னுதான ஏட்டுக்காரர் சொன்னாரு?”

“ஆமா.”

“படியே ஒனக்கு முன்னால போனா?”

அவள் பக்கத்தை வாங்கி அந்த வரியில் விரல் வைத்தாள். பிறகு, “அப்ப தாண்டுனதாகாது,” என்றாள்.

நான் நிலைக்கடியில் குனிந்தேன். மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டிய கனத்த வேப்பங்கட்டை. உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வைத்தது. ஆடி மாதத்தில் நிலைப்படியைப் பெயர்க்கிறவனை ஊர் என்ன சொல்லும் என்று நிமிர்ந்தால், அக்கா என் எதிரே கடப்பாரையோடு நிற்கிறாள்.

“தள்ளுடா. ஒனக்கு நெம்பத் தெரியாது,” என்றாள்.

ஊருக்கு நான் இதை எப்படிச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். பதினாறு பேர் தூக்கினார்கள், வைகை பாதியில் நின்றது, ஜட்காக் குதிரை முன்னங்காலை மடக்கி அக்காவைக் கும்பிட்டது. நடந்தது இவ்வளவுதான்: நானும் ஜட்காக்காரரும் ஆளுக்கு ஒரு முனையில் பிடித்தோம். “வீட்டையே கொண்டு வாரீகளா அண்ணே?” என்று கேட்டார். கட்டை முன்னால் ஏறியது. சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு, படி இருந்த பள்ளத்தின் வழியே அக்கா தோளைப் பிடித்து வெளியே வந்தாள். வண்டியில் இரண்டு காலையும் அந்தக் கட்டைமேல் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் நான் எதுவும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இந்த ஒன்றைத்தான் நம்பமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டையை உள்ளே விடமாட்டேன் என்றார் நர்ஸம்மா. வராந்தாவில் அவள் படுக்கைக்கு நேரான ஜன்னலடியில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். அதன்மேல் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது என்று அப்புறம்தான் சொன்னார்கள். வீட்டில் வந்திருந்தால்? அதைத் தாண்டி எனக்கு யோசனை போகவில்லை.

பேத்தி பிறந்திருக்கிறாள், அத்தான். உள்ளங்கை அகலம். சௌந்திரம் நேற்று அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். பயம் தெளிந்தது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ரங்கூனிலிருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை.

ஆனால் உங்கள் புத்தகத்தை வாங்கிய வீடுகளில் ரங்கூனுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் எத்தனை இருக்கும்? அங்கேயெல்லாம் யார் யார் படிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்? அதற்குத்தான் இந்தக் கடிதம் அச்சில் வருகிறது. அம்மாமார்களே, அந்த விதி பொய். பூ பிளாக் கிடைக்காத அச்சுக்கோப்பாளன் செய்தது. வெளியே வாருங்கள், வைத்தியம் பாருங்கள். அவர்கள் வரும் வழி உங்கள் காலடியில் இல்லை. ஏட்டுக்காரரின் மற்ற பொய்கள் எவை என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே கடைசிப் பாகத்தில் போடுவேன். பதினாலாம் பாகத்தில் உங்கள் எழுத்து நின்ற இடத்திலேயே கதையை நிறுத்தி, மீதி இடத்தை வெறுமையாக விடுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

நேற்று சாயங்காலம் சௌந்திரம் என்னைக் கூப்பிட்டு, “மாமா, படி இல்லாத வீட்ட அவுக எப்பிடி அடையாளம் கண்டு வருவாக?” என்றாள். என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லப் பயந்து, துணி எடுத்துவருவதாக வீட்டுக்குப் போய்விட்டேன். படி இருந்த பள்ளத்தில் அக்கா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். வருகிறவர் கால் கழுவ.

கள்ளுக்கடை மறியலில் பிடித்து உங்களை எட்டு மாதம் திருச்சி ஜெயிலில் வைத்தார்களே, அப்போதும் தினம் ஒரு செம்பு வைத்தாள். காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வைப்பாள். உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். என் பதினொரு வரியில் பத்து வரி சுத்தப் பொய். காத்திருப்பவள் வாசலில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு நாளும் மாற்றினாள் என்று ஒரு வரி வருமே, அதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி, சௌந்திரத்தின் தாய்மாமன், முந்தாநாள் முதல் ஒரு பேத்திக்குத் தாத்தா.