உன் முதல் பதினெட்டு வருடம்

உன் ஊர் இப்போது என் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் கீழே காவலுக்கு இருக்கும் தம்பி போன் பண்ணினார். "ஆன்டி, லண்டன்லேர்ந்து பார்சல் வந்திருக்கு லா, வந்து எடுத்துக்குங்க" என்றார். லண்டன் இல்லை, அங்கிருந்து ரயிலில் அரைமணி நேரம் போகவேண்டும் என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய். யார் லண்டன் என்றாலும், "லண்டன் இல்ல, எங்க வில்லேஜ்" என்று திருத்துவாய். அந்த "எங்க" என் காதில் எப்போதும் கொஞ்சம் குத்தும்.

பிரித்துப் பார்த்தால் பாத்திரம் துடைக்கும் துணி. வெள்ளைப் பருத்தியில் நீல மையால் அந்த ஊரையே அச்சடித்திருக்கிறார்கள். அந்தந்த வீட்டில் இருப்பவர்களே தங்கள் வீட்டை வரைந்து கொடுத்தார்களாம். நடுவில் புல்வெளி, குளம், வாத்துகள். ஒரு ஓரத்தில் தேவாலயம், மதுக்கடை, பழைய ரயில் நிலையம். ஊர் மண்டபத்தின் வாசலில் குட்டையாக ஒரு பெண், கொண்டை போட்டு, கையில் தட்டோடு நிற்கிறாள். அது நீதான் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பிரித்த கையோடு சமையலறைக்குப் போய் அந்தத் துணியால் அடுப்பைத் துடைத்தேன். சாம்பார்க் கறை தேவாலயத்தின்மேல் பிடித்துக்கொண்டது. இன்றைக்குத்தான் மனசு கேட்காமல் சோப்புப் போட்டுத் துவைத்தேன்.

துணியோடு உன் பக்கத்து வீட்டு டோரத்தி ஒரு குறிப்பும் வைத்திருந்தாள். ஊரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அதில் உனக்கு ஒரு முழுப் பக்கம். "அவள் எங்களிடம் வந்ததிலிருந்து எல்லாம் எங்களுக்குத் தெரியும். முதல் பதினெட்டு வருடம் மட்டும் தெரியாது. அது உங்களிடம்தான் இருக்கிறது. எழுதித் தர முடியுமா?" என்று கேட்டிருந்தாள். மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. உன்னுடைய மிச்சம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. இதுவும் வேண்டுமாம்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. மருமகள்மேல் பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓரகத்தியின் நகைமேல் பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரின்மேல் பொறாமைப்பட்டே எழுபதைத் தொட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதன் பெயரை எழுத இன்றைக்கும் என் கை வரவில்லை.

முதலில் அப்படி இல்லை. நர்ஸ் படிப்புக்கு நீ போன புதிதில் உன் கடிதம் முழுக்கக் குளிரும் அழுகையும்தான். நாம் பிறந்து வளர்ந்த செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அழுகையை எல்லாம் விட்டுவிட்டுக் குளிரை மட்டும் வாசிப்பேன். ரயில் பட்டறைச் சங்கு ஊதி உன் அப்பாவும் என் அப்பாவும் எண்ணெய்க் கையோடு வீடு வருவதற்குள் வாசித்து முடிக்கவேண்டும். அந்தக் கடிதங்களில் நீ என்னுடையவளாகத்தான் இருந்தாய்.

பிறகு அந்தப் புல்வெளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு செங்கல் வீடு வாங்கினாய். உன் பேச்சு மாறியது அதற்கப்புறம்தான். அந்த ஊர் முன்னே வெறும் வயலும் பழத்தோட்டமுமாக இருந்ததாம். ரயில் வந்ததும் நகரத்து குமாஸ்தாக்கள் வரிசை வரிசையாக வீடு கட்டிக் குடியேறினார்களாம். நகரம் வளர்ந்து வந்து நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டபோதும் அவர்கள் மட்டும் அதைக் கிராமம் என்றுதான் சொல்வார்களாம். போனில் இதையெல்லாம் நீ சொல்லிக்கொண்டே போவாய். உன் வீட்டில் ஒரு காலத்தில் ஊருக்குத் துணி வெளுக்கும் ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஏழு பிள்ளைகள் என்று சொல்லி, அந்த ஏழு பேரின் பெயரையும் வரிசையாக ஒப்பிப்பாய். நம் ஊரும் ரயில் உண்டாக்கிய ஊர்தான். செந்தூலைப் பற்றி நீ ஒருநாளாவது அப்படிப் பேசியிருக்கிறாயா?

நம் குவாட்டர்ஸ் வரிசையை உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று உன்னைக் கூப்பிட்டேன். "ஐயோ" என்றாய். நிஜமாகத்தான் வருத்தப்பட்டாய், அதை நான் மறுக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, "நம்ம வரிசையில மூணாவது வீட்ல யாரு இருந்தா, சொல்லு பாப்போம்" என்றேன்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணணும்?"

"பட்டறைப் பக்கத்துலேர்ந்து."

ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாய். "பெரியசாமி மாமாவா?"

"நாங்கடி. அது எங்க வீடு."

விழுந்து விழுந்து சிரித்தாய். "வயசாயிருச்சு லா எனக்கு" என்றாய். நானும் கூடவே சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்த ஏழு பிள்ளைகளின் பெயர்கள்தான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தன.

அதே சமயத்தில் உன் ஊர் மண்டபத்தையும் வாங்கி அடுக்குமாடி கட்ட ஒருவன் வந்தான். நீ விட்டாயா? கதவு கதவாகத் தட்டினாய். கூட்டத்தில் எழுந்து பேசினாய். மண்டப வாசலில் மேசை போட்டு, உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப் சுட்டு விற்றாய். மண்டபம் பிழைத்தது. இங்கே நம் வரிசையில் ஒருநாள் இயந்திரம் வந்து நின்றது, ஒருவாரத்தில் மண்மேடு. அதற்காகக் கதவு தட்ட ஆளில்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படித் தட்டத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீ அங்கே தட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கறிபாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓரத்தை மடித்து மடித்துப் பின்னல் போல முடிப்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அம்மா. அது அந்த ஊரின் சமையல் புத்தகத்தில் உன் பெயரில் ஏறிவிட்டது. அதுவும் முழுப் பெயரில் இல்லை. இங்கே யாராவது உன் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். அங்கே உன் பெயரைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு டோரத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவாள், நீயும் "வரேன்" என்று ஓடுவாய். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆமாம், நான் வந்திருந்தபோதுதான். மே மாதம். ஊர் எல்லையைச் சுற்றும் நாளில் நான் அங்கே இருக்கவேண்டும் என்று அடம்பிடித்து வரவழைத்தாய். வரைபடம் இல்லாத காலத்தில், எல்லை எது என்று அடுத்த தலைமுறை மறக்காமலிருக்க, ஊரே திரண்டு எல்லைக் கற்களைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கல்லையும் குச்சியால் அடிப்பார்களாம். நடுவில் விட்டுப்போயிருந்த வழக்கத்தை உன் வரலாற்றுக் குழுதான் மறுபடி கொண்டுவந்தது. வயல்வெளியில் நடப்போம் என்று நினைத்து வந்தேன். ஒரு கல் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் இருந்தது, இன்னொன்று பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால். மூன்றாவது கல்லுக்காக ஒருவர் தன் கார் ஷெட்டைத் திறந்துவிட்டு, எல்லோரும் அடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று தேநீர் ஊற்றிக்கொடுத்தார். பாதிரியாரும் வந்தார், பல் டாக்டரும் வந்தார், தள்ளுவண்டியில் குழந்தைகளும் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீ.

கடைசிக் கல்லில் ஒரு சடங்கு உண்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர்களைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி அந்தக் கல்லின்மேல் மெதுவாக ஒருதரம் உட்காரவைத்து எடுப்பார்கள். கைதட்டுவார்கள். அதோடு அவர் ஊர்க்காரர். உன்னை உட்காரவைத்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு ஒரு இளம் தம்பதியை உட்காரவைத்து முடித்ததும், டோரத்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "உன் தோழியையும் உட்காரவைப்போமா?" என்று உன்னிடம் கேட்டாள்.

"வேண்டாம், அவள் விருந்தாளி" என்றாய். இங்கிலீஷில் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "ஒனக்கு முட்டி வலிடி, அதான்" என்றாய்.

"நான் கேட்டேனா?" என்றேன்.

உனக்கு அது ஒன்றுமே இல்லை. திரும்பி நடக்கும்போது என் கையைக் கோத்துக்கொண்டு, வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டையும் காட்டி, இங்கே கொல்லர் இருந்தார், இங்கே தபால் நிலையம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. விருந்தாளி என்ற சொல்லையே மென்றுகொண்டு வந்தேன். நிஜமாகவே அந்தக் கல்லில் உட்கார எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உன்னோடு ஒரே ஊர்க்காரியாக இன்னொரு தரம் இருந்திருப்பேன்.

கிள்ளான் வீட்டை மறந்துவிட்டாயா? ரிட்டயர் ஆனதும் இங்கே உன்னோடு வந்துவிடுகிறேன் என்றது நீ. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம். நான் கிள்ளானில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீடு பார்த்து வைத்தேன். இரண்டு ரூம், பின்னால் முருங்கை மரம். போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "பின்பக்க ரூம் எனக்கு, வெயில் வராது" என்று நீயே இடம் பிடித்தாய். அப்புறம் மண்டபப் பிரச்சினை முடியட்டும் என்றாய். முடிந்தது. கோடை விழா முடியட்டும் என்றாய். அடுத்து மண்டபத்துக் கூரை. "பாக்கலாம்டி, ஓடியா போகுது கிள்ளான்?" என்றாய். கிள்ளான் ஓடவில்லை. அந்த வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். நீ பிடித்து வைத்த ரூம் ஜன்னலில் இப்போது யாருடைய சட்டையோ தொங்குகிறது.

நீ கண்ணை மூடியதையும் டோரத்திதான் சொன்னாள். உன் சொந்த ஊருக்கு இரண்டாவதாகத்தான் செய்தி வந்தது. இறுதிச் சடங்கை அந்த மண்டபத்திலிருந்து நேரலையில் காட்டினார்கள். இங்கே விளக்கு வைக்கும் நேரம். சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உட்கார இடமில்லாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள், எல்லாம் நல்ல பேச்சுத்தான். உன் பிறப்பு, வளர்ப்பு, அம்மா, அப்பா, செந்தூல், நான், எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. "அவள் மலேசியாவிலிருந்து எங்களிடம் வந்தாள்." அவ்வளவுதான். நான் அழுதது உனக்காகவா, அந்த வாக்கியத்துக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால்தான் டோரத்திக்கு எழுதக்கூடாது என்று மூன்று நாள் பிடிவாதமாக இருந்தேன். பிறகு யோசித்தேன். நான் எழுதாவிட்டால் அந்தப் புத்தகத்திலும் அதே ஒரு வாக்கியம்தான் நிற்கும். உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். பட்டறையை எழுதினேன், சங்கை எழுதினேன். ஒரே நாளில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டபோது வேப்பிலையும் கையுமாக நீ அலைந்ததை எழுதினேன். நம் வரிசையில் மூன்றாவது வீடு யாருடையது என்று எழுதினேன். கறிபாப் என் அம்மாவுடையது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. "இப்போதுதான் அவளை எங்களுக்கு முழுதாகத் தெரிகிறது" என்றாள் டோரத்தி. முழுதாகவாம். ஒன்றை நான் தரவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ புறப்படுவதற்கு முந்தின மாதம், பாஸ்போர்ட் படம் எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போனோமே, அந்தச் சாயங்காலம். ஸ்டூடியோவுக்கு எதிரே சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். படத்துக்காக என் சங்கிலியைப் போட்டிருந்தாய், இன்னும் கழற்றவில்லை. வாங்கின தேநீரை நீ தொடவே இல்லை. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நீ ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லுடி. நான் போகல. அம்மா அழுதாலும் பரவால்ல, அப்பா அடிச்சாலும் பரவால்ல. நீ சொல்லு."

நீ வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போகாதே என்றுதான் சொல்ல வந்தேன். வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆனால் அந்தச் சங்கிலி உனக்கு அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு பெரிய இடத்துக்குப் போகிற பெண்ணைப் போல இருந்தாய். "பைத்தியமா ஒனக்கு? போடி" என்றேன். நீ தலையாட்டினாய். தேநீரைக் குடித்தாய். மறுபடி நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை, நானும் பேசவில்லை.

அதை நான் டோரத்திக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவர்கள் உன்னோடு எத்தனையோ வருடம் வாழ்ந்திருக்கலாம். போகவா, இருக்கவா என்று நீ கேட்டது என் ஒருத்தியிடம்தான். அந்தப் புல்வெளிக்கும் மண்டபத்துக்கும் உன்னைக் கொடுத்தவள் நான். பெரிய மனசோடுதான் கொடுத்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டால், போகாதே என்றுதான் சொல்வேன்.